21ஆம் கோடு: அனலாக் தொலைக்காட்சியின் கேப்ஷன் குறியீடு

குளோஸ்டு கேப்ஷன் என்பது தொலைக்காட்சி நிகழ்ச்சியின் உரையாடலையும் ஒலிக்குறிப்புகளையும் பார்ப்பவர் வேண்டும்போது மட்டும் திரையில் எழுத்தாகக் காட்டும் ஏற்பாடாகும். படத்தோடு பதிந்து எல்லோர் கண்ணிலும் படும் சப்டைட்டில் போலன்றி, இது ஒளிபரப்புச் சிக்னலுக்குள் குறியீடாக மறைந்து வந்து, டிகோடர் எனும் சுற்றின் வழியே மட்டும் வெளிப்படுகிறது. அமெரிக்காவில் வழங்கிய என்.டி.எஸ்.சி. அனலாக் முறையில் இதற்கென 21ஆம் கோட்டை மத்தியத் தகவல்தொடர்பு ஆணையம் 1976இல் ஒதுக்கியது. முறையான ஒளிபரப்பு 1980 மார்ச் 16 அன்று தொடங்கியது. இதன் தரநிலை பின்னர் இ.ஐ.ஏ.-608 எனப் பெயர் பெற்றது.

என்.டி.எஸ்.சி. படம் 525 கோடுகளால் ஆனது. அவை ஒன்றுவிட்டு ஒன்றாக இரு புலங்களாகப் பிரிக்கப்பட்டு, நொடிக்கு ஏறத்தாழ 60 புலங்கள் வீதம் வருகின்றன. ஒரு புலம் முடிந்ததும் எலக்ட்ரான் கற்றை திரையின் அடியிலிருந்து உச்சிக்குத் திரும்ப அவகாசம் தேவைப்படுவதால், அந்த இடைவேளையில் செல்லும் கோடுகளில் படம் இருப்பதில்லை. 21ஆம் கோடு அந்த வெற்றிடத்தின் கடைசி விளிம்பில், படத்தை ஒட்டி அமைந்துள்ளது. படத்தின் உயரம் சரியாகத் திருகி வைக்கப்படாத பழைய பெட்டிகளில் திரையின் உச்சியில் துடித்துக்கொண்டிருக்கும் வெள்ளைக் கீற்றுகள் இந்தத் தரவேயன்றிப் பழுதல்ல.

ஒரு கோட்டின் நீளம் ஏறத்தாழ 63.5 மைக்ரோநொடி. 21ஆம் கோட்டில் வழக்கமான ஒத்திசைவுத் துடிப்பும் நிறக்குறியும் கடந்தபின், முதலில் ஏழு சைன் அலைகள் வருகின்றன. டிகோடர் தன் கடிகாரத்தை இவற்றோடு ஒத்துக்கொள்கிறது. இவ்வலையின் அதிர்வெண் கோட்டு அதிர்வெண்ணைப் போல் சரியாக 32 மடங்கு, அதாவது சுமார் 503 கிலோஹெர்ட்ஸ். அடுத்து 0, 0, 1 என்னும் மூன்று தொடக்க பிட்டுகளும், அவற்றின்பின் 16 தரவு பிட்டுகளும், அதாவது இரண்டு பைட்டுகளும் வருகின்றன. சிக்னல் தாழ்ந்திருந்தால் 0, முழு வெண்மையின் பாதியளவு உயர்ந்திருந்தால் 1.

ஒவ்வொரு பைட்டிலும் ஏழு பிட்டுகள் எழுத்தைக் குறிக்க, எட்டாவது பிட் பிழையறியப் பயன்படுகிறது: பைட்டிலுள்ள 1களின் மொத்த எண்ணிக்கை எப்போதும் ஒற்றைப்படையாக இருக்கவேண்டும் என்பது விதி. ஆங்கில ‘ஏ’ எழுத்தின் குறியீடான 1000001இல் இரண்டு 1கள் இருப்பதால் எட்டாவது பிட் 1 ஆகிறது. ‘சி’ எழுத்தின் 1000011இல் மூன்று இருப்பதால் அது 0. வழியில் ஒரு பிட் புரண்டால் கணக்கு இடிக்கும்; டிகோடர் அவ்வெழுத்தின் இடத்தில் நிரப்பிய கட்டத்தைக் காட்டும். இரண்டு பிட்டுகள் ஒருசேரப் புரண்டால் இந்தக் காவல் ஏமாந்துபோகும்.

எழுத்தை எந்த வரியில், எந்த நிறத்தில் வைப்பது, எப்போது அழிப்பது என்பவற்றை இரு பைட் கட்டளைகள் சொல்கின்றன. ஓர் எழுத்து கெட்டால் ஒரு சொல்தான் கெடும். கட்டளை கெட்டால் வரியே இடம் மாறிவிடும் என்பதால், கட்டளைகள் அடுத்தடுத்து இருமுறை அனுப்பப்படுகின்றன. முதலாவது சரியாகக் கிட்டியிருந்தால் டிகோடர் இரண்டாவதைப் புறக்கணிக்கிறது. முன்பதிவு நிகழ்ச்சிகளில் வாசகம் மறைவான நினைவகத்தில் சேர்ந்து, ஒரே கட்டளையில் திரைக்குத் தாவுகிறது. நேரலைச் செய்திகளில் சுருக்கெழுத்தாளர் தட்டத் தட்ட வரிகள் கீழிருந்து மேலே உருள்கின்றன.

முதல் புலத்தின் 21ஆம் கோடு நொடிக்கு ஏறத்தாழ 60 எழுத்துகளை மட்டுமே சுமக்கும். 32 எழுத்து கொண்ட ஒரு முழு வரி வர அரை நொடிக்குச் சற்று மேலாகும். பிரிட்டனின் டெலிடெக்ஸ்ட் எழுத்துச் சேவை தன் கோடுகளில் பிட்டுகளை நொடிக்கு 69 இலட்சத்துக்கும் மேற்பட்ட வீதத்தில் அனுப்பியதோடு ஒப்பிட்டால், 21ஆம் கோட்டின் பிட் வீதம் ஆமை வேகம். ஆயினும் அந்த நிதானமே இதன் வலிமை. டெலிடெக்ஸ்ட்டின் வேகத்துக்கு வி.எச்.எஸ். நாடாவின் அலைப்பட்டை போதவில்லை. 21ஆம் கோட்டின் தரவோ சாதாரண வீட்டு ரெக்கார்டரிலும் சிதையாமல் பதிந்தது. இரண்டாம் புலத்தின் 21ஆம் கோடு கூடுதல் கேப்ஷன் தடங்களோடு, நிகழ்ச்சியின் பெயர், வயதுத் தரக்குறி போன்ற விவரங்களையும் சுமந்தது.

தொடக்கத்தில் டிகோடரைத் தனிப் பெட்டியாக விலைக்கு வாங்கவேண்டியிருந்தது. 1990இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, 1993 ஜூலை முதல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த 13 அங்குலமும் அதற்கு மேற்பட்டதுமான தொலைக்காட்சிகளில் அது உள்ளேயே அமைக்கப்பட்டது. முழுத்திறன் நிலையங்கள் 2009 ஜூன் 12 அன்று அனலாக் ஒளிபரப்பை நிறுத்தின. எனினும் அவற்றின் டிஜிட்டல் சிக்னலில், புதிய 708 தரநிலையின் தரவோடு பழைய 608 பைட்டுகளும் சேர்த்தே அனுப்பப்படுகின்றன.