கலியாணப் பேச்சும் இரத்தப் பரிசோதனையும்

கொழும்பிலிருந்து காலி வீதி வழியே தெற்கு நோக்கிச் செல்பவர், வெள்ளவத்தையின் கோயில் மணியோசையையும் சேலைக் கடைகளையும் கடந்து, தெகிவளையில் கிழக்கே திரும்பினால் சிறிது தூரத்தில் களுபோவிலயை அடைவார். அங்குள்ள கொழும்பு தெற்குப் போதனா வைத்தியசாலையை அந்த நீண்ட நாமத்தால் அழைப்பவர் சிலரே. 'களுபோவில ஆஸ்பத்திரி' என்பதே சனங்களின் வழக்கு. பிரசவத்துக்கும் காய்ச்சலுக்கும் விபத்துக்கும் அவ்வாசலை நாடும் நம்மவர் பலர். ஆயினும், அங்கே இயங்கும் பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையத்துக்கு, விவாகத்துக்கு நாள் குறித்த இருவர் ஒருங்கே சென்று எச்.ஐ.வி. பரிசோதனைக்காக இரத்தம் கொடுத்து வருவது நம்மிடையே இன்னும் வழக்கமாகவில்லை. அது வழக்கமாவது நன்றா என்பதைத் தீர்மானிக்க, கடந்த காலத்தைச் சிறிது திரும்பிப் பார்த்தல் அவசியம்.

யாழ்ப்பாணத்துக் கலியாணப் பேச்சாகிய பேச்சுக்கால் விசாரணைக்குக் குறைவில்லாத ஒரு வழக்கம். குறிப்புப் பொருந்தியதும், தரகர் கொண்டுவந்த வார்த்தையை அப்படியே நம்பிவிடாமல், மாப்பிள்ளையின் உத்தியோகம், பெண்ணின் சீதனம், இரு வீட்டாரின் காணி பூமி, பரம்பரையில் சயரோகமோ குட்டமோ சித்தப்பிரமையோ இருந்ததா என்பன யாவற்றையும் உறவினரையும் அயலவரையும் கொண்டு மறைமுகமாக அறிந்த பின்னரே முற்காலத்தார் சம்மதம் சொன்னார்கள். ஆகவே விவாகத்துக்கு முன் தேகநிலையை அறிய விரும்புவது பிறர் நமக்குக் கற்பித்த புதுமையன்று. ஆனால் அவ்விசாரணை காதோடு காதாக நடந்தது. மெய்யைக் காட்டிலும் வதந்தியே அதில் சாட்சியாயிற்று. பெண்ணைப் பற்றித் துருவித் துருவிக் கேட்டவர்கள், ஆணின் ஒழுக்கத்தைப் பற்றிக் கேட்க நாணினார்கள்.

மேல்நாட்டார் வேறொரு கோடிக்குச் சென்றனர். கிரந்தி நோயை இரத்தத்திற் கண்டறியும் முறையை வாசர்மன் என்ற ஜெர்மானிய விஞ்ஞானியும் அவருடன் உழைத்தோரும் 1906இல் வெளியிட்டனர். அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலம், மணமக்கள் இருவரும் அந்நோய்க்குப் பரிசோதிக்கப்பட்டாலன்றி விவாகம் செய்யலாகாது என 1935இல் சட்டமியற்ற, பல மாநிலங்கள் அதனைப் பின்பற்றின. எயிட்ஸ் தோன்றியபோது, இலினோய் மாநிலம் 1988 ஜனவரி முதல் எச்.ஐ.வி. பரிசோதனையையும் அவ்வாறே கட்டாயமாக்கிற்று. முதல் ஆறு மாதங்களில் விவாக அனுமதி கேட்ட 70,846 பேருள் தொற்றுடையவராகக் காணப்பட்டவர் 8 பேர் மாத்திரமே. அவர்களுள் ஒருவரைக் கண்டறிய ஏற்பட்ட செலவு ஏறக்குறைய 312,000 டொலர். அதனினும் கவனிக்கத்தக்கது யாதெனில், அம்மாநிலத்தில் வழங்கப்பட்ட விவாக அனுமதிப் பத்திரங்கள் 22.5 வீதம் குறைந்து, எல்லை தாண்டி அயல் மாநிலங்களில் மணம் முடித்தோர் தொகை பெருகியதே. அடுத்த ஆண்டிலேயே அச்சட்டம் நீக்கப்பட்டது. அச்சத்தால் ஓடிய மக்களோடு, அவர்களுக்குச் சொல்லப்பட வேண்டியிருந்த ஆலோசனையும் கேட்பாரற்றுப் போயிற்று.

நமது பிரதேசத்தில் எச்.ஐ.வி. தொற்றின் சரித்திரம் 1986இல் ஆரம்பமாகிறது. அவ்வாண்டு சென்னை மருத்துவக் கல்லூரியில் வைத்தியர் சுனிதி சொலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுக்களை வெளிப்படுத்தினர். இலங்கையில் அதே ஆண்டில் வெளிநாட்டவர் ஒருவரிடமும், 1987இல் இலங்கையர் ஒருவரிடமும் தொற்று அறியப்பட்டது. சுனிதி சொலமன் 1993இல் சென்னையில் நிறுவிய ஒய்.ஆர்.ஜி. கேர் நிலையத்துக்கு வந்த தொற்றுள்ள பெண்கள் 134 பேரின் விபரங்களை ஆராய்ந்து 2000ஆம் ஆண்டில் வெளியான ஒரு கட்டுரை, நம் சமுதாயத்தின் மனச்சாட்சியை உலுக்க வேண்டிய ஒன்று. அவர்களுள் 81 வீதத்தினர் இல்லத்தரசிகள். 88 வீதத்தினர் வாழ்நாளில் ஒரே ஆடவனை மாத்திரம் அறிந்தவர்கள். பேச்சுக்காலில் நாணங் காரணமாகக் கேளாது விடப்பட்ட அந்த ஒரு கேள்விக்குரிய தண்டனையை, கற்பு நெறி தவறாத பெண்கள் அனுபவித்தார்கள் என்பதன்றி இதற்கு வேறு பொருளில்லை.

இதனால், தொற்றுடையவர் யாவரும் ஒழுக்கம் தவறியவர் எனக் கருதுதலும் பெரும் பிழையாகும். இலங்கையின் குழந்தை வைத்திய நிபுணராகிய கமலிகா அபேரத்ன, 1995இல் வாகன விபத்தொன்றின் பின் ஏற்றப்பட்ட இரத்தத்தின் மூலம் இந்நோய்க்கு ஆளானார். அதனை மறைக்காது நாடறியச் சொல்லி, நோயாளரின் உரிமைக்காக உழைத்து, 2004இல் மறைந்தார்.

அன்றைய வைத்தியத்துக்கும் இன்றைய வைத்தியத்துக்கும் வெகுதூரம். ஒருவருக்கு மாத்திரம் தொற்றுள்ள 1,763 தம்பதிகளைக் கொண்டு பல நாடுகளில் நடத்தப்பட்ட ஆய்வொன்று, உரிய காலத்தில் தொடங்கும் மருந்து துணைவருக்குத் தொற்றும் அபாயத்தை 96 வீதம் குறைப்பதாக 2011இல் நிரூபித்தது. கர்ப்பிணிகளைப் பரிசோதித்து வேண்டியவர்களுக்கு மருந்தளித்ததன் பயனாக, தாயிடமிருந்து சேய்க்கு எச்.ஐ.வி.யும் கிரந்தியும் பரவுவதை ஒழித்த நாடு என 2019 டிசம்பரில் உலக சுகாதார ஸ்தாபனம் இலங்கைக்குச் சான்றளித்தது. வீடு வீடாகச் சென்று தாய்மாரைக் கிளினிக்குக்கு அழைத்து வந்த குடும்பநல மாதர்களின் நடை, இப்பெருமைக்கு அத்திவாரமாயிற்று.

ஆனால் கர்ப்பிணியின் பரிசோதனை சேயைக் காக்கிறதேயன்றி, கணவனிடமிருந்து முன்னரே தொற்றுப் பெற்றுவிட்ட தாயை அத்தொற்றிலிருந்து காப்பதில்லை. அதே பரிசோதனையைத் தாலிக்கு முன்னர் கொண்டுவந்தால் இருவரும் காக்கப்படுவர். நம் விவாகப் பதிவுச் சட்டம் இத்தகைய சான்றிதழைக் கேட்பதில்லை. இலினோயின் அனுபவத்தை அறிந்தவர், கேட்க வேண்டுமெனச் சொல்லவும் மாட்டார். அச்சோதனை கட்டாயத்தால் அன்றிச் சுயவிருப்பத்தால் நிகழ வேண்டும். பெண்ணுக்கு மாத்திரமன்றி இருவருக்கும் ஒருங்கே நிகழ வேண்டும். பெறுபேறு அவ்விருவருக்கன்றித் தரகருக்கோ சுற்றத்தாருக்கோ போகலாகாது. புதிதாக நேர்ந்த தொற்று இரத்தத்தில் உடனே தென்படாதாகையால், வைத்தியர் சொன்னால் மூன்று மாதம் கழித்து மறுமுறை பார்த்தல் தகும். தொற்றிருப்பதாக அறியவரின், அது விவாகத்தின் முடிவென்று கொள்ள வேண்டியதில்லை. தொற்றுள்ளவர்களுக்குள்ளேயே வரன் பொருத்தி மணமுடித்து வைத்தவர் அதே சுனிதி சொலமன். ஒருவருக்கு மாத்திரம் தொற்றுள்ள தம்பதியரும், இன்றைய மருந்தின் துணையால், தொற்றில்லாத மக்களைப் பெற்று வாழ்கின்றனர்.

வெள்ளவத்தையில் ஒரு பெண்ணுக்குக் கனடாவில் வரன் அமைந்தால், அந்நாட்டில் நிரந்தரமாகக் குடியேறும் வீசாவின் பொருட்டு அவள் இரத்தம் கொடுக்கிறாள். அந்நாடு 2002 முதல் குடியேறுவோரிடம் எச்.ஐ.வி. பரிசோதனையைக் கேட்டு வருகிறது. அதனை அவமானமென்று பெற்றோர் பொதுவாக மறுப்பதில்லை. ஓர் அந்நிய அரசாங்கம் தன் நலம் கருதிக் கேட்கும்போது இணங்குகின்ற நாம், நம் பிள்ளைகளின் நலம் கருதி நாமே கேட்பதற்கு ஏன் கூசுதல் வேண்டும்? அரசாங்கச் சிகிச்சை நிலையங்களில் இப்பரிசோதனைக்குக் கட்டணமில்லை, இரகசியம் காக்கப்படும். குறிப்புப் பொருந்தி, முகூர்த்தத்துக்கு நாள் பார்க்கும் பெற்றோர்களே, மணமக்கள் இருவரும் களுபோவிலக்குச் சென்று வருவதற்கும் ஒரு நாளை அவர்களுக்கு விட்டுவையுங்கள்.