பாரும் கோடும்: பாக் நீரிணையில் கடலுரிமை கடந்து வந்த பாதை

கடலுக்கும் மனிதனுக்கும் இடையிலான உறவை வரலாற்று நூல்கள் பெரும்பாலும் ஒரே வரிசையில் சொல்கின்றன. முதலில் கடல் எவருக்கும் சொந்தமில்லாமல் இருந்தது. 1609-இல் சட்ட அறிஞர் ஹியூகோ குரோஷியஸ் தம் நூலில் அந்த நிலைக்குச் சட்ட வடிவம் தந்தார். இருபதாம் நூற்றாண்டில் அறிவியலும் எந்திரக் கலங்களும் வளர வளர அரசுகள் கடலைப் பங்கிட்டன. 1982-ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் கடற்சட்ட உடன்பாடு அந்தப் பங்கீட்டை முறைப்படுத்தியது. வட ஐரோப்பியக் கடல்களுக்கு இந்த வரிசை ஓரளவு பொருந்தலாம். சோழமண்டலக் கரைக்கும் பாக் நீரிணைக்கும் பொருந்தாது. இங்கே கடல் தொடக்கம் முதலே இரண்டாகப் பார்க்கப்பட்டது. கலம் செல்லும் நீர் பொதுவாக இருந்தது; முத்தும் சங்கும் விளையும் பார், நிலத்தைப் போலவே உரிமைக்கு உட்பட்டிருந்தது. எனவே இருபதாம் நூற்றாண்டில் நேர்ந்த மாற்றம், உரிமையில்லாத கடலில் உரிமை புகுந்தது என்பதன்று. உரிமையின் அலகு பாரிலிருந்து எல்லைக் கோட்டுக்கு மாறியதே அந்த மாற்றம். அம்மாற்றம் சட்டத்தைக் கடலறிவிலிருந்து விலக்கியது என்பதும், இன்றைய பாக் நீரிணை மீன்பிடிச் சிக்கலின் ஒரு வேர் அங்கே இருக்கிறது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

இந்த வாதத்தை உறையூரிலிருந்து தொடங்குவதற்குக் காரணம் உண்டு. காவிரிக் கரையில், கடல் கண்ணுக்கு எட்டாத உள்நாட்டில் இருக்கும் இவ்வூர் முற்காலச் சோழரின் தலைநகர். கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த பெரிப்ளுஸ் என்னும் கிரேக்கக் கடல்வழி நூல், கொற்கைப் பகுதி முத்துக்குளிப்பு பாண்டிய மன்னனுக்கு உரியது என்றும், குற்றத் தண்டனை பெற்றோர் அங்கே முத்தெடுக்க மூழ்கவைக்கப்பட்டனர் என்றும் கூறுகிறது. அதற்கு அப்பால் உள்ள விரிகுடாக் கரையைப் பேசுமிடத்தில் ‘அர்கரு’ என்ற உள்நாட்டுப் பகுதியையும், அப்பெயரால் அறியப்பட்ட மெல்லிய பருத்தித் துணியையும் குறிப்பிடுகிறது. அந்த அர்கரு உறையூரே என்பது அறிஞர் பலரின் கருத்து. அக்கரையில் எடுத்த முத்துகள் அர்கருவில் மட்டுமே விற்கப்பட்டன என்று ஒரு வாசிப்பு சொல்கிறது. கையெழுத்துப் படி அவ்விடத்தில் சிதைந்திருப்பதால் வேறு வாசிப்புகளும் உள்ளன. ஆயினும் 1960-களில் சென்னைப் பல்கலைக்கழகம் இங்கு நடத்திய அகழாய்வில் ரூலெட்டட் வகை ஓடுகளும், ரோமானியத் தொடர்பைக் காட்டும் அரெட்டைன் ஓடுகளும், சாயத் தொட்டியும் கிடைத்தன. இவை கடல் வாணிகத்தோடு இந்நகருக்கு இருந்த தொடர்பை உறுதிசெய்கின்றன. முத்து விற்பனை பற்றிய வாசிப்பை ஒதுக்கிவிட்டாலும், கொற்கையைப் பற்றிய தெளிவான பகுதி போதும். ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இக்கடலின் விளைவுக்கு உடையவன் இருந்தான். அவன் நிலத்தில் இருந்தபடி அதை ஆண்டான்.

கலம் செல்லும் நீரின் நிலை வேறு. பன்னிரண்டாம் நூற்றாண்டில் இலங்கையை ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு நயினாதீவில் ஒரு தமிழ்க் கல்வெட்டைப் பொறித்தான். பிற நாட்டு வணிகர் ஊராத்துறையில் வந்து இறங்க வேண்டும், அவர்களுக்குப் பாதுகாப்பு வேண்டும் என்பது அதன் நோக்கம். யானையும் குதிரையும் ஏற்றிவந்த கலம் கெட்டால் கால் பங்கு அரசுக்கு, முக்கால் பங்கு உடையவனுக்கு. பிற சரக்குக் கலம் கெட்டால் இருவருக்கும் பாதிப் பாதி என்று அது வகுக்கிறது. 1244-ஐ ஒட்டி ஆந்திரக் கரையின் மோட்டுப்பள்ளியில் காகதீய கணபதிதேவன் வெளியிட்ட அபய சாசனமும், உடைந்த கலங்களின் சரக்கை அரசர் பறிக்கும் வழக்கத்தைக் கைவிடுவதாக வணிகருக்கு உறுதி தந்தது. இரண்டு ஆவணங்களிலும் அரசு கரைக்கு வந்த கலத்தைப் பற்றித்தான் பேசுகிறது. கலம் கடந்துவந்த நீருக்கு உரிமை கொண்டாடவில்லை. நீர்வழியையே அனுமதிச் சீட்டுக்கு உட்படுத்தியவர்கள் பின்னர் வந்த போர்த்துகீசியர். குரோஷியஸின் நூல் அந்த உரிமைக் கோரிக்கைக்கு எழுந்த மறுப்பு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய சர்வதேசச் சட்ட அறிஞர் சி.எச். அலெக்சாண்ட்ரோவிச், திறந்த கடல் என்னும் கோட்பாட்டுக்கு ஆசியக் கடல்வழக்கமும் ஊற்றாக இருந்தது என்று வாதிட்டார். அவர் கருத்தை முழுவதும் ஏற்காதவர்கள்கூட, அவ்வழக்கம் இக்கடல்களில் குரோஷியஸுக்கு முன்பே நிலவியதை மறுக்க முடியாது.

ஆங்கிலேயர் ஆட்சி பாரின் உரிமையை அழிக்கவில்லை. அதை நீதிமன்ற மொழியில் எழுதிக்கொண்டது. அன்னக்குமாரு பிள்ளை எதிர் முத்துப்பாயல் வழக்கில், இராமநாதபுரக் கரைக்கு அப்பால் உள்ள சங்குப் படுகையிலிருந்து அனுமதியின்றிச் சங்கெடுப்பது திருட்டே என்று சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1904-ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பில் அத்தீர்ப்பு இடம்பெற்றது. மூன்று மைல் எல்லை பற்றிய ஐரோப்பியக் கோட்பாடு நன்கு வேரூன்றியிருந்த காலத்திலேயே இங்கே படுகையும் நெடுங்கால அனுபோகமும் கணக்கில் கொள்ளப்பட்டன. அதே ஆண்டுகளில் அறிவியலும் பாரைத் தேடி வந்தது. மன்னார் வளைகுடா முத்துப்பார்களை ஆராய 1902-இல் இலங்கை வந்த வில்லியம் ஹெர்ட்மன், பெரிய பாரில் இளஞ்சிப்பிகள் திரளாக வந்து அமர்வதும் பின் காணாமற்போவதும் திரும்பத் திரும்ப நிகழ்வதைப் பதிவு செய்தார். ஆனால் 1905-இல் எட்டுக் கோடிக்கும் மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்ட மகிழ்ச்சியில் அந்த நிலையாமை மறக்கப்பட்டது. 1906-இல் இலங்கைப் பார்கள் ஒரு நிறுவனத்துக்கு இருபது ஆண்டுக் குத்தகைக்கு விடப்பட்டன. 1907-க்குப் பின் அந்நிறுவனத்தின் காலத்தில் குளிப்பே நடக்கவில்லை. 1912-இல் நிறுவனம் கலைக்கப்பட்டது. கடலின் விளைவு ஆண்டுக்கு ஆண்டு மாறுவது. அதை நிலையான வருவாயாகக் கொண்டு எழுதிய ஒப்பந்தம் ஆறு ஆண்டுகளில் முடிந்தது. பாரைக் கவனிக்காத சட்டம் எவ்வளவு விரைவில் பொய்க்கும் என்பதற்கு இது ஒரு சான்று.

கோட்டின் காலம் 1921-இல் சென்னை, இலங்கை அரசுகளின் பிரதிநிதிகள் மீன்பிடி எல்லை பற்றிப் பேசியதில் தொடங்கி, 1974, 1976 இந்திய-இலங்கை உடன்பாடுகளில் முழுமை பெற்றது. 1974 உடன்பாட்டின் ஐந்தாம் பிரிவு, இந்திய மீனவரும் யாத்திரிகரும் கச்சத்தீவுக்கு முன்போல் சென்றுவர இடமளித்தது. ஆறாம் பிரிவு, இரு நாட்டுக் கலங்களும் மரபாகப் பெற்ற உரிமைகளைக் காத்தது. கலம் செல்லும் நீர் பொது என்ற பழைய வழக்கின் எச்சம் இங்கே தெரிகிறது. ஆனால் 1976 மார்ச்சில் பரிமாறப்பட்ட கடிதங்கள், கோட்டுக்கு அப்பால் மீன்பிடிப்பதை இரு தரப்புக்கும் தடுத்தன. எந்தக் கருவி, எந்தப் பருவம், எந்தப் படுகை என்ற கேள்விகள் அத்தடையில் இல்லை. வேறு வகையில் எழுதியிருக்க முடியாதா? முடியும் என்பதற்கு அதே கடிதங்கள் சாட்சி. கன்னியாகுமரிக்குத் தெற்கேயுள்ள வாட்ஜ் கடல்மேட்டில், ஆறுக்கு மேற்படாத இலங்கைக் கலங்கள், ஆண்டுக்கு 2,000 டன்னுக்கு மிகாமல், மூன்றாண்டுகள் மீன்பிடிக்க இந்தியா இசைந்தது. கல எண்ணிக்கையும் பிடிப்பளவும் காலமும் வைத்து ஒரு படுகையை ஆளும் முறை அவர்களுக்குத் தெரியாததன்று. பாக் நீரிணைக்கு அது மறுக்கப்பட்டது.

அந்த நீரிணையின் பெரும்பகுதி 15 மீட்டருக்கும் குறைந்த ஆழமுடையது. கடற்புல் அடர்ந்த அதன் தரைதான் மீனுக்கும் இறாலுக்கும் கடற்பசுவுக்கும் வாழிடம். அந்தத் தரையை உராய்ந்து செல்லும் இழுவலை, கோட்டின் எந்தப் பக்கத்தில் இழுக்கப்பட்டாலும் ஒரே சேதத்தைத்தான் செய்யும். இதை உணர்ந்ததால், எல்லைக் கோட்டைப் பற்றி எதிரெதிராகப் பேசும் இரு கரைகளும் தத்தம் நீருக்குள் பாரின் முறைக்கே திரும்பியிருக்கின்றன. 1983-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கடல் மீன்பிடிப்பு ஒழுங்குமுறைச் சட்டம் கரையையொட்டிய மூன்று கடல் மைலை நாட்டுப்படகுகளுக்கு ஒதுக்கியது. பாக் நீரிணையில் விசைப்படகுக்கு வாரம் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நான்கு நாள் என்ற ஏற்பாடு வந்தது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை உள்ளது. 2022-இல் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரைகளுக்கு அப்பால் 448 சதுர கிலோமீட்டர் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவிக்கப்பட்டது. இலங்கை 2017-இல் இழுவலையைச் சட்டத்தால் தடை செய்தது. தனித்தனியே சரியான இந்த ஏற்பாடுகள், நடுவில் ஒரு கோடு இருப்பதால் ஒன்றோடொன்று பேசுவதில்லை.

இவ்வாதத்துக்கு இரண்டு வலுவான மறுப்புகள் உண்டு. ஒன்று, பழைய முறை நீதியானதன்று என்பது. உண்மைதான். குற்றவாளிகளை மூழ்கவைத்ததும், விளைவின் பெரும்பங்கை அரசு எடுத்துக்கொண்டதும் போற்றத்தக்கவையல்ல. இங்கே மீட்கக் கோருவது அந்த உடைமையை அன்று. படுகையையும் பருவத்தையும் அலகாகக் கொள்ளும் பார்வையை மட்டுமே. இரண்டாவது மறுப்பு இன்னும் கூர்மையானது. உள்நாட்டுப் போர்க்காலத்தில் கடலுக்குப் போக முடியாமல் முடங்கிய வட இலங்கைத் தமிழ் மீனவர், 2009-க்குப் பின் தம் நீருக்குத் திரும்பியபோது அங்கே தமிழ்நாட்டு விசைப்படகுகளைக் கண்டனர். சிறு வலைகளை அறுத்துச் செல்லும் அப்படகுகளிடமிருந்து அவர்களைக் காக்க எல்லைக் கோட்டைத் தவிர வேறென்ன இருக்கிறது என்று அவர்கள் கேட்பது நியாயம். கோட்டை அழிக்க வேண்டும் என்பது இதற்கு விடையாகாது. எளியோருக்கு அது இன்று ஓர் அரண். ஆனால் கோடு மட்டுமே போதாது என்பதையும் அதே அனுபவம் காட்டுகிறது. கைதும் படகுப் பறிமுதலும் ஆண்டுதோறும் தொடர்ந்தும் இழுவலை நிற்கவில்லை. இழுவைப் படகுகளை ஆழ்கடல் தொழிலுக்கு மாற்ற 2017-இல் தொடங்கிய திட்டம் 2,000 படகுகள் என்ற தன் இலக்கை எட்டவில்லை. யார் எங்கே போகலாம் என்பதைக் கோடு சொல்லும். எதைக் கொண்டு எவ்வளவு எடுக்கலாம் என்பதை அது சொல்லாது.

உலகக் கடற்சட்டமும் இப்போது இந்தத் திசையில்தான் நகர்கிறது. 1982 உடன்பாடே, பகுதி மூடிய கடல்களைச் சூழ்ந்த நாடுகள் உயிர்வளத்தைக் காப்பதில் ஒத்துழைக்க வேண்டும் என்று 123-ஆம் பிரிவில் வலியுறுத்துகிறது. எந்த நாட்டின் ஆட்சிக்கும் உட்படாத பெருங்கடலின் உயிர்வளம் பற்றி 2023-இல் ஏற்கப்பட்ட உடன்பாடு, பகுதிவாரி மேலாண்மையை முதன்மைக் கருவிகளுள் ஒன்றாக வைத்துள்ளது. 2024-இல் இந்தியா அதில் கையெழுத்திட்டது. யாருக்கும் சொந்தமில்லாத நீரில் படுகையை அலகாகக் கொள்ள இசைந்த நாடு, தமிழ் பேசும் மீனவர் இருபுறமும் வாழும் ஒரு சிறு நீரிணையில் அதை மறுப்பதற்குக் காரணம் இல்லை. மண்டபத்தில் ஆய்வு மையம் வைத்திருக்கும் இந்திய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனமும் இலங்கையின் நாரா என்னும் நீர்வள ஆராய்ச்சி நிறுவனமும் ஒரே அட்டவணையில் பாக் நீரிணையின் மீன்வளத்தை மதிப்பிட வேண்டும். இராமேசுவரம், மன்னார், யாழ்ப்பாண மீனவர் சங்கங்களுக்கு அந்த அவையில் வாக்கு வேண்டும். இழுவலைத் தடையும் பருவத் தடையும் இரு கரைக்கும் ஒரே நாளில் தொடங்கி ஒரே நாளில் முடிய வேண்டும். எல்லைக் கோடு இருந்த இடத்திலேயே இருக்கட்டும். கோட்டின் இருபுறமும் ஒரே விதி நடக்கட்டும்.