எச்.ஐ.வி. தொற்றில் விழித்திரை இரத்தக்குழாய் அடைப்பு

எச்.ஐ.வி. தொற்றுள்ளவர்களின் விழித்திரையில், அதாவது கண்ணின் உட்புறத்தே ஒளியை உணரும் மெல்லிய நரம்புப் படலத்தில், நேரும் அடைப்பு பெரும்பாலும் நுண்குழாய்களோடு நின்றுவிடுகிறது. இரத்தவோட்டம் குன்றிய நரம்பிழைகள் வீங்குவதால் தோன்றும் வெண்ணிறப் ‘பஞ்சுத் திட்டுகள்’ பார்வையை அரிதாகவே பாதித்துச் சில வாரங்களில் மறைகின்றன. எனினும், நோயெதிர்ப்பை வழிநடத்தும் சிடி4 வெள்ளணுக்கள் குறைந்தவர்களிடமே இவை மிகுதியாகக் காணப்படுவதால், அலட்சியம் செய்வதற்கில்லை. மையச் சிரை, மையத் தமனி போன்ற பெருங்குழாய்கள் அடைபடுவது அரிது. நேர்ந்தால் வலியின்றியே பார்வை திடீரெனக் குன்றும். அந்நிலையில் எச்.ஐ.வி.யை மட்டுமே காரணமாகக் கொள்ளாமல், உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு, இரத்தம் எளிதில் உறையும் இயல்பு ஆகியவற்றோடு, குழாய்ச்சுவரை அழற்சியுறச் செய்யும் சிபிலிஸ், சைட்டோமெகலோ வைரஸ் தொற்றுகளையும் ஆராய்தல் வேண்டும். 1996-ஐ ஒட்டிக் கூட்டு மருந்துச் சிகிச்சை பரவிய பின் பஞ்சுத் திட்டுகள் வெகுவாகக் குறைந்தன.