பழுப்புக் காருக்கு இரண்டு கோடி டாலர்

அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்திலுள்ள பெபிள் பீச்சில் 2021 ஆகஸ்டில் நடைபெற்ற ஏலத்தில், பழுப்பு நிற மெக்லாரன் எஃப்1 கார் ஒன்று 2 கோடியே 4 லட்சம் டாலர்களுக்கும் அதிகமான விலைக்குப் போனது. வழக்கமாக வாங்குவோர் நாடாத நிறம் அது. ஆனால் சாலைப் பயன்பாட்டுக்கென 64 மட்டுமே தயாரான அந்த ரகத்தில், அந்தப் பழுப்பில் வெளிவந்தது அது ஒன்றுதான். சுமார் 390 கிலோமீட்டரே ஓடியிருந்ததும் விலையை உயர்த்தியது என்பதை மறுப்பதற்கில்லை.

மாறாக, ஃபெராரி எஃப்40 ரகத்தின் 1,300க்கும் அதிகமான கார்கள் தொழிற்சாலையிலிருந்து சிவப்பாகவே வந்தன. அங்கு நிறத்தால் தனி மதிப்பு இல்லை.

அரிய நிறமும் தயாரிப்பு ஆவணத்தில் பதிவாகியிருந்தால்தான் விலைபெறும். சிவப்பு மோகத்தால் பிற்காலத்தில் நிறம் மாற்றப்பட்ட பழைய ஃபெராரிகள் பலவற்றை, உரிமையாளர்கள் பெரும் செலவில் மூல நிறத்துக்கே திருப்பி வருகின்றனர்.