படையும் முகவெட்டும்

படப்பையிலிருந்து தாம்பரம் வழியே சென்னை செல்வோர் பல்லாவரத்தையும் பரங்கிமலையையும் கடந்தே செல்வர். கம்பெனி ஆட்சியில் இவ்விரண்டும் படைவீரர் தங்கிய ஊர்கள். அந்தச் சென்னைப் படைக்கு நேர்ந்த கதை, வேலை தேடி நிற்கும் நம் இளைஞர் அறியத்தக்கது.

1758இல் பட்டாளங்களாக ஒழுங்குபெற்ற சென்னைச் சிப்பாய்கள் மைசூர்ப் போர்களிலும், 1824இல் மூண்ட பர்மியப் போரிலும் களம் கண்டவர்கள். ஒடுக்கப்பட்ட குடியினரும் கிறித்தவரும் அப்படையில் பலராய் இருந்தனர். ஊதியம், ஓய்வூதியம், ஊரில் மதிப்பு ஆகிய மூன்றையும் அவர்கட்குப் படையே தந்தது.

1881 முதல் 1885 வரை அப்படைக்குத் தலைமை தாங்கிய பிரடெரிக் ராபர்ட்ஸ், நெடுங்கால அமைதியால் தென்னாட்டார் போர்க்குணம் இழந்தனர் எனக் கருதினார். பின்னர் 1893 வரை இந்தியப் படை முழுமைக்கும் அவரே தலைவர். வடமேற்கு எல்லையில் ருசியரைப் பற்றிய அச்சமும் சேர்ந்துகொள்ள, ‘போர்க்குலம்’ என்னும் கொள்கை வேரூன்றியது. சீக்கியரும் கூர்க்கரும் பட்டாணியரும் விரும்பப்பட்டனர். ஆள்சேர்ப்புக் கையேடுகள் இன்ன இனத்தார்க்கு இன்ன உடற்கட்டு, இன்ன முகவெட்டு, ஆகவே இன்ன குணம் என வகுத்துரைத்தன. அதே காலத்தில் எழும்பூர் அருங்காட்சியகத்தில் எட்கர் தர்ஸ்டன் மக்களின் தலையையும் மூக்கையும் கருவி கொண்டு அளந்துகொண்டிருந்தார். அளவு என்ற சொல் முன்முடிவுக்கு அறிவியல் போர்வை போர்த்தியது.

சென்னைக் காலாட்படை படிப்படியாகச் சுருங்கி, 1920களின் இறுதிக்குள் மறைந்தது. ஆனால் பாலமும் பாதையும் அமைக்கும் சென்னைப் பொறியாளர் படை மட்டும் தொடர்ந்து இயங்கியது. ஒரே மண்ணின் மக்கள் பகைவரின் குண்டுகளுக்கு இடையே பாலம் கட்டத் தகுவர், துப்பாக்கி ஏந்தத் தகார் என்பது என்ன முறை?

இரண்டாம் உலகப்போர் இதற்கு விடையளித்தது. ஆள் பற்றாக்குறை நேர்ந்ததும் சென்னை ரெஜிமென்ட் மீண்டும் உயிர்பெற்றது. அதன் வீரர்கள் பர்மாவில் போரிட்டனர். இடைப்பட்ட ஆண்டுகளில் மக்களின் உடல் மாறிவிடவில்லை. தேவை மாறியது, தகுதியும் வந்துவிட்டது!

பணிக்கு வேண்டிய உடல்வலிமையைச் சோதிப்பது முறையே. தோற்றத்தைக் கண்டு குணத்தைத் தீர்மானிப்பது முறையன்று. இன்று ஒரகடத்துத் தொழிற்சாலை வாயில்களில் நம் பிள்ளைகள் நிற்கின்றனர். அவர்களைத் தேர்ந்தெடுக்க அமர்வோர் முகத்தை நோக்கும் முன் கைத்திறனை நோக்குவாராக. தவறான அளவுகோல் ஒன்று ஒரு தலைமுறையின் பிழைப்பையே பறித்ததை இம்மண் கண்டிருக்கிறது.