றோசாவும் பன்னீரும்



ஐரோப்பாவின் ருமேனிய மொழியில் றோசாவுக்கு இரு பெயர்கள் வழங்குகின்றன. தோட்டத்தில் வளர்ப்பது 'திரண்டஃபிர்'. இது கிரேக்கச் சொல்லின் வழிவந்தது. 'முப்பது இதழ்' என்று பொருள்படும். மலைச்சரிவிலும் வேலியோரத்திலும் தானாக முளைத்து, ஐந்தே இதழ் விரிக்கும் காட்டு றோசாவுக்கோ 'மசேஷ்' என்று பெயர். அதன் செங்காயை உலர்த்தி அங்குள்ளோர் தேநீர் வைப்பார்கள். திரண்டஃபிரின் வழியைக் கிரேக்கம்வரை தெளிவாகக் காட்டும் அந்நாட்டு அகராதிகள், மசேஷின் வேரை அறுதியிட்டுக் கூறுவதில்லை. வளர்ப்புப் பூ தன் பெயரோடு வந்து சேர்ந்தது. காட்டுப் பூவின் பெயரோ வந்த தடம் தெரியாத பழமையுடையது.

இந்த வேறுபாட்டை மனதிற் கொண்டு நம் தமிழுக்கு வருவோம். கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டு தொண்ணூற்றொன்பது பூக்களை அடுக்கிச் சொல்கிறது. அவற்றுள் றோசா இல்லை. நீலகிரி, பழனி மலைகளில் வெண்ணிறக் காட்டு றோசா ஒன்று இயற்கையாகவே வளர்கிறது. தாவரவியலார் அதற்கு லெசெனோ என்ற பிரெஞ்சு அறிஞரின் பெயரைச் சூட்டினர். ஆனால் நாம் றோசா என்றதும் நினைப்பது அதனையன்று, தோட்டத்துப் பூவைத்தான்.

அப்பூவின் பெயர் நம்மிடம் எப்படி வந்தது? ஆங்கிலத்திலிருந்து வந்திருப்பின் ஈற்றில் 'ஆ' ஒலிக்க வேண்டியதில்லை. போர்த்துக்கேயத்திலோ அது 'ரோசா' என்றே எழுதப்படும். இரண்டு உயிர்களுக்கு நடுவே வரும் சகரத்தை அவர்கள் அதிர்வோடு ஒலிப்பர். ஆதலால் தமிழில் ரோஜா, ரோசா என இரு வடிவங்களும் தோன்றின. அவர்களின் 'மேசா' நம்மிடம் மேஜையாகவும் மேசையாகவும் வழங்குவதை ஒப்புநோக்குக. 1628இல் போர்த்துக்கேயர் மட்டக்களப்பில் கோட்டை கட்டினர். 1638இல் ஒல்லாந்தர் அதைக் கைப்பற்றினர். கோட்டை கைமாறிய பின்னும் சொற்கள் வீட்டைவிட்டுப் போகவில்லை. அலுமாரி, சப்பாத்து, துவாய், லேஞ்சி, விறாந்தை, பாண் ஆகியவற்றை எடுத்துவிட்டால் நம் வீடுகளில் அன்றாடப் பேச்சே நடவாது.

மொழிமுதலில் ரகரம் வாராது என்பது தமிழ் மரபு. ஆகவே பழைய அகராதிகள் இதனை 'உரோசா' என்று எழுதின. ஈழத்தில் நாம் 'றோசா' என்று எழுதுகிறோம். தனித்தமிழ் அன்பர்கள் 'முளரி' என்றனர். முள் என்பதை அடியாகக் கொண்ட அச்சொல் பழைய இலக்கியத்தில் தாமரையைக் குறித்தது.

றோசா இப்பெயரோடு வருமுன்பே அதன் மணம் வேறொரு பெயரில் நம்மிடையே உலவியது. அதுதான் பன்னீர். பனிநீர் என்பதே பன்னீர் ஆயிற்று என்பர். பனித்தல் என்றால் துளித்தல். இதழ்களை நீரிலிட்டுக் காய்ச்சி, எழும் ஆவியைக் குளிர்வித்தால் அது பனிபோலத் துளித்துளியாய் இறங்கும். செய்முறையே பெயராகிவிட்டது. பாரசீகத்தில் 'குல்' என்றால் றோசா, 'ஆப்' என்றால் நீர். 'குலாப்' என்றால் றோசாநீர். வட இந்தியாவிலோ 'குலாப்' என்பது பூவுக்கே பெயராயிற்று. மலையாளத்திலும் இதே கதைதான்; பனிநீர் தந்த பூ பனிநீர்ப்பூ எனப்பட்டது. மருந்துக்கடையில் நாம் வாங்கும் குல்கந்திலும் அந்தக் 'குல்' இருக்கிறது. அதன் பின்பாதி சர்க்கரையைக் குறிப்பது. நமது கற்கண்டுக்கு உறவானது.

இனி வியப்பான செய்தி ஒன்று. அறபு மொழியில் றோசாவுக்கு 'வர்த்' என்று பெயர். அது பழைய ஈரானிய மொழியிலிருந்து வந்தது. பாரசீகத்தின் 'குல்' காலப்போக்கில் ஒலி திரிந்து அதே வேரிலிருந்து பிறந்தது. கிரேக்கத்தின் 'ரோடோன்' அவ்வேரையே சாரும். இலத்தீனின் 'ரோசா'வும் இக்குடும்பமே என்பது மொழியியலார் பலரின் கருத்து. அவ்வாறாயின், பள்ளிவாசலில் ஓதப் படிக்கும் பிள்ளை அறியும் 'வர்த்', பறங்கியர் வீட்டு 'ரோசா', வைத்தியர் தரும் குல்கந்தின் 'குல்' மூன்றும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். மூன்று வழிகளால் பிரிந்து சென்று, இந்த வாவிக்கரையில் வந்து சந்தித்திருக்கின்றன. தாம் உடன்பிறந்தவை என்பதை அவை மறந்திருந்தன, அவ்வளவுதான்.

நம் கடற்கரைகளுக்குரிய பன்னீர் மரமும் ஒன்று உண்டு. அது றோசா இனமன்று. அந்தியில் மலர்ந்து காலையில் உதிரும் அதன் வெண்பூவின் மணத்தால் அப்பெயர் பெற்றது. திருச்செந்தூரில் திருநீற்றை அம்மரத்தின் இலையில் வைத்துத் தருவர். முருகனின் பன்னிரு கைகளே 'பன்னீர்' ஆயிற்று என்று அடியார் கூறும் விளக்கம் பக்திக்கு இனியது. சொல்வரலாறு பனிநீரையே சுட்டுகிறது. அதன் காய் கடலில் மிதந்து கரைக்குக் கரை சென்று முளைக்கும். சொற்களும் அப்படித்தானே!

காத்தான்குடியின் கலியாண வீட்டிலும் அடுத்திருக்கும் ஆரையம்பதியின் கலியாண வீட்டிலும் விருந்தினர்மேல் தெளிக்கப்படுவது அதே பன்னீர். 1990இல் இம்மண் இரத்தம் சிந்தியது. அயலவர் அயலவரை அஞ்சினர். அத்தகைய காலங்களில் 'இது உங்கள் சொல், இது எங்கள் சொல்' என்று மொழியிலும் வேலி போட மனம் துணியும். தமிழ் கற்பிப்பவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன்: மாணவன் 'றோசா' என்று எழுதினால் சிவப்பு மையால் வெட்டாதீர்கள். 'முளரி' என்று எழுதினால் நகையாதீர்கள். ஒன்று நாம் உலகோடு உறவாடியதற்குச் சான்று; மற்றது நம் பழஞ்சொல் இன்னும் துளிர்க்கும் என்பதற்குச் சான்று.

வேலிகளைக் காப்பது ஊர்க்காவலர் தொழில். ஆசிரியர் தொழில், வேர் எங்கெல்லாம் ஓடியிருக்கிறது என்று காட்டுவது.