குர்து மக்களின் தனியரசு வேட்கையும் அண்டை நாடுகளின் அமைதியும்

குர்து மக்கள் வாழும் மலைநாடு துருக்கி, ஈரான், ஈராக், சிரியா என்னும் நான்கு அரசுகளுக்கிடையே பிரிந்து கிடக்கின்றது. 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் அகமது கானி என்னும் புலவர் குர்து மொழியில் 'மெம் ஊ சின்' என்னும் காதற்காப்பியத்தை இயற்றினார். துருக்கியர்க்கும் பாரசீகர்க்கும் இடையே தம் மக்கள் அல்லலுறுவதையும், அவர்க்கென ஓர் அரசன் இன்மையையும் எண்ணி அந்நூலின் முற்பகுதியிலேயே அவர் வருந்துகின்றார். அவ்வருத்தம் அரசியல் இயக்கமாக உருப்பெற்றது பெரிதும் 20ஆம் நூற்றாண்டிலேயாகும்.

உதுமானியப் பேரரசு வீழ்ந்தபின், 1920இல் எழுந்த செவ்ரே உடன்படிக்கை குர்துகளுக்குத் தன்னாட்சியும், பின்னர்த் தனியரசுக்கு வழியும் கூறிற்று. 1923இல் அதன் இடத்தைப் பெற்ற லோசான் உடன்படிக்கையில் அவ்வுறுதி இடம்பெறவில்லை.

குர்துகளின் பிரிவினை வேட்கையே அப்பகுதியின் பூசலுக்கு வேர் என்பார் உளர். அஃது உண்மையாயின், அவ்வேட்கை ஒடுக்கப்பட்டபோதெல்லாம் அமைதி நிலவியிருத்தல் வேண்டும். வரலாறு காட்டுவது வேறு. ஈராக்கில் முல்லா முஸ்தபா பர்சானி நடத்திய கிளர்ச்சிக்கு, தன் நாட்டுக் குர்துகளை அடக்கிவந்த ஈரானே படைக்கலம் ஈந்தது. 1975 மார்ச்சில் அல்ஜீயர்ஸ் நகரில் சாத்-அல்-அராப் ஆற்றெல்லையை ஈராக் விட்டுக்கொடுத்தது. ஈரானின் துணை உடனே நின்றது. கிளர்ச்சி சில கிழமைகளில் சரிந்தது. குர்துகளை விலையாகக் கொடுத்துப் பெற்ற அவ்வமைதி ஆறாண்டும் நிற்கவில்லை. 1980 செப்டம்பரில் சதாம் உசேன் அவ்வுடன்படிக்கையைக் கைவிட்டுப் போர் தொடுத்தார். அப்போர் எட்டாண்டு நீண்டது. அதன் இறுதியாண்டாகிய 1988இல் ஹலப்ஜா நகரில் நச்சுப்புகையால் மாண்ட குர்துகள் ஏறத்தாழ 5,000 பேர்.

இனி, இயக்கத்தார் பக்கமும் குறையில்லாமல் இல்லை. ஈராக்கில் குர்துக் கட்சிகள் இரண்டும் 1994 முதல் தம்முள் பொருதன. துருக்கியில் குர்துத் தொழிலாளர் கட்சி 1984இல் தொடங்கிய ஆயுதப் போராட்டத்தில் ஏறத்தாழ 40,000 பேர் மாண்டனர். 2025இல் அக்கட்சி தன்னைக் கலைப்பதாக அறிவித்தது. 2017 செப்டம்பரில் ஈராக்கின் குர்துப் பகுதியில் நிகழ்ந்த வாக்கெடுப்பில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டோர் தனியரசை வேண்டினர். அடுத்த திங்களே கிர்குக் நகரைப் பாக்தாது அரசின் படை கைக்கொண்டது.

இவற்றினூடே நிலைத்துநிற்பது ஒன்று உண்டு. 2005ஆம் ஆண்டின் ஈராக்கு அரசியலமைப்பு குர்து மொழியை அரபு மொழியோடு ஆட்சிமொழியாக்கிற்று. குர்துப் பகுதியின் தன்னாட்சியையும் ஏற்றது. வாக்கெடுப்பால் எழுந்த பூசலுக்குப் பின்னும் அவ்வமைப்பு அழியவில்லை. ஆதலின், அப்பகுதியின் நிலைகுலைவுக்குக் காரணம் பிரிவினை வேட்கை மட்டுமன்று. தன் நாட்டுக் குர்துகளை ஒடுக்கிக்கொண்டே அண்டை நாட்டுக் குர்துகளைக் கருவியாக்கும் அரசியலும் அதற்கு ஒப்பான காரணமாகும் எனத் துணியலாம்.